காற்று பிய்த்த ஹோன் சத்தம்

"நல்லாத் தூங்கிட்டு, இப்ப பொய் சொல்லுது இந்தப் புள்ள!"

பள்ளி வேன் ஓட்டும், நாங்கள் நானா என்று கூப்பிடும் றவூப் அண்ணன் இதைத் தனியாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. வேனுக்குள் பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது வரை சுட்டது.

எங்கள் வீடு வத்தேகமவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் உச்சியில், வரிசை வீடுகளான லயத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் ரோடு தெரியாது. கீழே வேன் வந்ததும் நானா மூன்று தரம் ஹோன் அடிப்பார். நான் இறங்கி ஓடுவேன். நேற்றும் சப்பாத்துப் போட்டு வாசலிலேயே நின்றேன். காற்று பேயாய் அடித்தது. ஹோன் கேட்கவே இல்லை. வேன் போய்விட்டது. கணக்குப் பரீட்சையும் போய்விட்டது!

"தூங்கினவங்களுக்கெல்லாம் திரும்பப் பரீட்சை வைக்க முடியாது, யதுர்ஷா" என்று டீச்சரும் சொல்லிவிட்டார். அதுவும் நானா சொன்ன கதைதான். என்ன அநியாயம்!

பின்னேரம் வேன் எங்கள் பாதையடியில் நின்றது. காற்று இன்னும் ஓயவில்லை. நான் இறங்கி, கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

"நானா, நீங்க மேல வந்து நில்லுங்க. தினுஷன் ஹோன் அடிக்கட்டும்." முன் சீட்டில் இருந்த தினுஷனைக் காட்டினேன்.

"எனக்கு வேல ஈக்குது புள்ள."

"பொய்க்காரின்னு சொல்ல மட்டும் நேரம் இருந்திச்சா?"

நானா மூச்சு வாங்கிக்கொண்டு படியேறினார். எங்கள் வாசலில் நின்று காதைக் கூர்மையாக்கினார்.

ஒரு ஹோன் தெளிவாகக் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு தேயிலைத் தொழிற்சாலைப் பக்கமிருந்து மெல்லிசாக ஒன்று. நானா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வேன் இந்தப் பக்கந்தானே ஈக்குது?"

"காத்து சுத்திச் சுத்தி அடிக்குது நானா. சத்தத்தைப் பிச்சு, கண்ட பக்கமும் எறியுது."

கீழே வந்ததும் நானா கேட்டார், "எத்தன தரம் அடிச்சாய்?"

"பத்து!" என்றான் தினுஷன் பெருமையாக.

நானாவுக்குக் கேட்டது இரண்டுதான். அவர் தலையைச் சொறிந்தார்.

"காத்தடிக்கிற நாள்ல நான் முன்னமே கீழ வந்திடுறேன்" என்றேன். "ஆனா எல்லாருக்கும் முன்னாலதானே பொய்க்காரின்னு சொன்னீங்க?"

மறுநாள் காலை நான் படியில் இறங்கும்போதே நானா வேனுக்கு வெளியே நின்றார். பதினொரு தலைகளும் ஜன்னலில் இருந்தன.

"யதுர்ஷா! புள்ள பொய் சொல்லல்ல! நான்தான் பிழை! டீச்சர்கிட்டயும் சொல்றேன், பரீட்சை எழுதலாம்!"

"கேக்கல நானா! காத்து!"

அவர் இன்னும் பலமாகக் கத்தினார். மூன்றாம் தரம் தொண்டையே கட்டிவிட்டது.

அன்று ஓர் இலைகூட அசையவில்லை. முதல் தரமே எனக்கு நன்றாகக் கேட்டது.