நாலு கொக்குகள் எங்கே?

ரெனிதாவுக்கு ரோஹித் மேல் சந்தேகம். அதுவும் லேசான சந்தேகம் இல்லை.

பருத்திப்பட்டுப் பள்ளியில் நான்காம் வகுப்புக்கு ஹெலினா மிஸ் படக்கதைப் புத்தகம் வைத்துத்தான் கணக்கு நடத்துவார். கொக்குப் புத்தகத்தில் பக்கத்துக்கு ஒரு கொக்கு கூடும். ஆறாம் பக்கத்தில் ஆறு. இன்று பார்த்தால், அதன் எதிர்ப்பக்கத்தில் ஏழுக்குப் பதில் பதினொன்று!

"நடுவுல கீற கொக்குங்க இன்னா, பஸ் ஏறி ஆவடிக்குப் போயிட்ச்சா?" என்றான் ஜோஸ்.

மிஸ் சிரிக்கவில்லை. "நடுவுல நாலு பக்கம் காணோம். அது கிடைக்கிற வரைக்கும் எல்லாப் புத்தகமும் பீரோவுலதான். வாய்ப்பாடு ஒப்பிங்க."

"ஐயோ மிஸ்!"

ரெனிதா ரோஹித்தை முறைத்தாள். அவள் ஃப்ளாட்டுக்குப் புதிதாகக் குடிவந்து, வகுப்பில் சேர்ந்தவன். வீட்டுக்கு எடுத்துப்போக நேற்று அவன் முறை; புத்தகம் அவனிடம்தான் இருந்தது. முந்தாநாள் அவள் படித்தபோது எல்லாப் பக்கமும் இருந்ததே!

சாப்பாட்டு நேரத்தில் மடக்கினாள். "கிழிச்ச இல்ல? இன்னாத்துக்குப் பையக் கட்டிப் புடிச்சிகினு கீற?"

"உள்ள முறுக்கு இருக்கு. ஜோஸ் பார்த்தா தின்னுடுவான்."

பையில் முறுக்குதான் இருந்தது. ஜோஸ் பார்த்தான். தின்றும் விட்டான்.

ரோஹித்தின் கண் கலங்கியது. "நான் படிக்கும்போதே அந்தப் பக்கம் இல்ல. சொன்னா என்னையத்தான் சொல்வீங்கன்னு பேசாம இருந்தேன்."

நல்லா ரீல் விடுறான் என்று நினைத்தாள். கிழித்த தடத்தைக் காட்டி வாயை அடைக்க, மிஸ் பீரோவில் வைக்காமல் மேசையிலேயே விட்டிருந்த கொக்குப் புத்தகத்தை விரித்தாள்.

தடமே இல்லை!

தன் டிராயிங் நோட்டைப் பிரித்துப் பார்த்தாள். நடுவில் ஒரே தாள்தான் நாலு பக்கமாக மடிந்திருந்தது. ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றினால், கிழிக்காமலே அது வந்துவிடும்.

பின்னைக் கழற்றியது யார்?

ரெனிதா புத்தகத்தின் அட்டையைத் தடவிப் பார்த்தாள். முந்தாநாள் புத்தகத்துக்குப் பிரவுன் அட்டை போட்டது அவள். பின்னைக் கழற்றி, அட்டையோடு சேர்த்து மறுபடி அடித்ததும் அவள். அதே கையோடு தன் கணக்கு நோட்டுக்கும் அட்டை போட்டிருந்தாள்.

நோட்டு அட்டை கொஞ்சம் உப்பலாக இருந்தது. உள்ளே விரலை விட்டாள். ஒரு கொக்கு எட்டிப் பார்த்தது.

யாரும் கவனிக்கவில்லை. பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டால் போதும். பழி ரோஹித்தோடு போய்விடும்.

சீ!

மணி அடித்ததும் வகுப்பின் முன்னால் போய் நின்றாள். "மிஸ், நான்தான் மிஸ். அட்டை போடும்போது என் நோட்டுக்குள்ள வெச்சு மடிச்சிட்டேன். ரோஹித் ஒண்ணும் பண்ணல."

மறுநாள் ரோஹித்திடம் ஒரு பொட்டலத்தை நீட்டினாள். "ஆறு முறுக்கு கீது. எண்ணிக்கோ."

ரோஹித் சந்தேகமாகப் பார்த்தான். எண்ணினான். "அஞ்சுதான் கீது!"

இருவரும் மெதுவாகத் திரும்பினார்கள். ஜோஸின் வாய் அசைந்துகொண்டிருந்தது.