ஆணியில் தொங்கிய வில்லை

பலகையில் அவளுடைய பெயர்வில்லை தொங்கிக்கொண்டிருந்தது. சூர்யகலா அதைக் கழற்றிக் கைப்பையில் போட்டுப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

திண்டுக்கல்லில் ஒரு பழைய தோல் கிடங்கை வாடகைக்குப் பிடித்து நடத்துகிற மரவேலை மன்றம் அது. ஞாயிறு மட்டும்தான் திறப்பார்கள். உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் பெயரைத் தானே மரவில்லையில் செதுக்கி வைத்திருக்க வேண்டும். வந்ததும் கதவருகே உள்ள பலகையில் மாட்டுவது, கிளம்பும்போது கழற்றுவது. பலகை காலியாகிவிட்டால் செயலாளர் பொன்னுத்துரை உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் பூட்டிவிடுவார். பூட்டுப் பட்டறையில் முப்பது வருஷம் இருந்தவர். அவர் பூட்டினால் யானை வந்து தள்ளினாலும் அசையாது என்று எல்லோரும் கேலி பேசுவார்கள்.

சூர்யகலா செய்தது சுத்த அசட்டுத்தனம். வில்லையைக் கழற்றிய பிறகு, மகள் பரணிக்காகச் செய்யும் எழுதுமேசையில் பசை பிடித்ததா பார்ப்போம் என்று பின்னறைக்குப் போய்விட்டாள். மேசையை இறுக்கியிருந்த கிளாம்பை இன்னொரு சுற்று முறுக்கிவிட்டு வந்தால் கதவு பூட்டியிருந்தது. கைபேசி வெளியே ஸ்கூட்டர் பெட்டிக்குள். ஆறு மணிக்குப் பரணிக்கு ஓவிய வகுப்பு முடிந்துவிடும். எட்டு வயசுப் பிள்ளை, அம்மா வரும்வரை வாசலைவிட்டு நகராது.

உள்ளங்கை சிவக்கச் சிவக்கக் கதவைத் தட்டியபோதுதான் பலகையில் அந்த வில்லையைப் பார்த்தாள். கைப்பையைத் துழாவினாள். உள்ளேயும் ஒன்று இருந்தது. இரண்டிலும் அதே எழுத்து, உளி வழுக்கிய அதே கீறல். ஆணியில் இருந்தது இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

மேலே காற்றுத்துளை வழியாக விழுந்த மாலை வெயிலில் மரத்தூள் மிதந்தது. சுவரில் ஊறிப்போன தோல் நாற்றமும் தேக்கின் மணமும் ஈரப்பசையின் புளிப்பும் ஒன்றாய்க் கலந்து தொண்டையை அடைத்தன. தூரத்தில் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்த பிறகு, அவ்வளவு நேரமும் அதற்கு அடியில் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் மெல்லத் தெளிந்தது.

உப்புத்தாள் தேய்க்கும் சத்தம். பின்னறையிலிருந்து.

மூன்று தேய்ப்பு, ஒரு ஊதல். மூன்று தேய்ப்பு, ஒரு ஊதல். இந்த மன்றத்தில் அப்படித் தேய்ப்பது சூர்யகலா ஒருத்திதான்.

"யாரது?"

சத்தம் நின்றது. கடைசியாக ஒரு ஊதல் மட்டும் கேட்டது. பையிலிருந்து எடுத்த வில்லையை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே சாவிக்கொத்து குலுங்கியது.

"ஏம்மா கலா, வண்டி இங்கனயே நிக்கிதே. உள்ளயா இருக்க?"

பொன்னுத்துரையின் குரல். போன உயிர் திரும்பி வந்தது. கதவு திறந்தது.

"ஆமாண்ணே! நல்லவேளை வந்தீக!"

அவர் பார்வை அவளைத் தாண்டிப் போயிற்று. பலகையில் நின்றது.

"வில்லை தொங்குது. அப்ப உள்ளதான் இருக்கா," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "கலா!"

"இந்தா வாரேண்ணே!"

பின்னறையிலிருந்து வந்தது. அவள் குரலேதான்.

அவள் போட்டிருந்த அதே மஞ்சள் சுடிதார். அதே கைப்பை. முடியெல்லாம் மரத்தூள். அவள் உருவமே நடந்து வந்தது. சூர்யகலாவின் பக்கம் திரும்பவே இல்லை. ஆணியிலிருந்த வில்லையைக் கழற்றிக்கொண்டது.

சூர்யகலா பாய்ந்து பொன்னுத்துரையின் கையைப் பிடித்தாள். அவர் சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டுவதுபோல் தட்டிவிட்டார். வாசலைத் தாண்டக் காலை எடுத்தாள். கால் எழவில்லை. கத்தினாள். சத்தம் வரவில்லை.

"வெரசாப் போம்மா. புள்ள தேடும்ல."

"ஆமாண்ணே. பரணி காத்துக்கிட்டு இருப்பா."

பொன்னுத்துரை பலகையை ஒருமுறை பார்த்தார். காலி.

கதவைச் சாத்தினார். பூட்டு விழுந்தது. கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். அது ஹெல்மெட்டை மாட்டி, அவள் ஸ்கூட்டரைக் கிளப்பி, ஓவிய வகுப்பு இருக்கும் தெருப் பக்கம் திரும்பியது.

கையை விரித்தாள். வில்லையில் பெயர் இல்லை. உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்திருந்தது. புதுத்தூள் இன்னும் அவள் விரலிடுக்கிலிருந்து உதிர்ந்துகொண்டிருந்தது.