விழுந்தவர்கள் மட்டும் நிற்கலாம்

பாரிமுனையில் கால்நடத்தி இறுகியதும் பெர்னதெத்தின் கால்கள் தாமாக நடக்கத் தொடங்கின. கணுக்காலில் பூட்டிய அந்த வளையம் நரம்புகளைத் தூண்டி, யாரும் யாரையும் இடிக்காமல் ஊரையே நடத்திக்கொண்டிருந்தது. மேம்பால நெரிசலில் அவள் தங்கை மிதிபட்டுச் செத்த பிறகு வந்த சாதனம். முண்டியடித்துக்கொண்டு முதலில் பூட்டிக்கொண்டவர்களில் அவளும் ஒருத்தி.

அதற்குப் பிறகு சென்னையில் யாரும் மிதிபட்டுச் சாகவில்லை.

ஒரே வழி, ஒரே நேரம் என்பதால் மருத்துவமனையிலிருந்து திரும்பும்போதெல்லாம் வளையம் அவளைத் தணிகாசலத்தின் பக்கத்தில்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். மகளுக்கு வந்த வரன், தெருச் சண்டை என்று அவர் பேசப் பேச வீடு வந்துவிடும்.

அன்று பேச்சு பாதியில் நின்றது.

"சிஸ்டர், நெஞ்சை இன்னாவோ பண்ணுது..." என்றவர் அப்படியே சரிந்தார்.

கூட்டம் வேகம் குறையாமல் இரண்டாகப் பிரிந்து அவரைத் தாண்டியது. செவிலியான பெர்னதெத்தை அவள் கால்களே இழுத்துக்கொண்டு போயின. குனிந்து வளையத்தின் பொத்தானை அழுத்தினாள். "பின்னால் ஆட்கள் வருகிறார்கள். இங்கே நிற்க இயலாது" என்றது அதன் குரல்.

விழுந்தவர் மட்டும்தான் இங்கே நிற்கலாம் என்பது அவளுக்கு உறைத்தது. உடம்பைத் தரையில் எறிந்தாள். முட்டி பெயர்ந்தது, வளையம் தளர்ந்தது. தவழ்ந்து திரும்பிப்போய், அவர் நெஞ்சில் இரு கைகளையும் வைத்து அழுத்தினாள். கை ஓய்ந்தது.

"யாராச்சும் ஒருத்தர் விழுங்களேன்! கை மாத்தணும்!"

"காலு நிக்க மாட்டேங்குதுக்கா!" ஒருவன் அழுதுகொண்டே கடந்துபோனான். அத்தனை பேரும் பார்த்தார்கள். நெரிசலை மறக்காத ஊர். விழ மட்டும் யாருக்கும் துணிவு வரவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தபோது தணிகாசலத்தின் உடம்பு சில்லிட்டிருந்தது.

முட்டி ஆறி அவள் வேலைக்குத் திரும்பிய நாளில் பக்கத்தில் ஓர் இளம்பெண் நடந்தாள். மறுநாள் வேறொருவர். அதற்கடுத்த நாளும் புதுமுகம். சந்தேகம் வந்து, வளையங்களை இயக்கும் நடை நிர்வாகத்தை அழைத்துக் கேட்டாள்.

"உங்க கேஸைத்தான் மேடம் ஆராய்ஞ்சோம்," என்றான் அதிகாரி உற்சாகமாக. "அவர் விழுந்தது நோயால. நல்லா இருந்த நீங்க ஏன் விழுந்தீங்க? தெனம் பேசிப் பழகினவர்ங்கறதால. அதனால ஒருத்தர் பக்கத்துல வந்தவங்க மறுபடி வராத மாதிரி ஊர் முழுக்க மாத்திட்டோம்."

பெர்னதெத் குனிந்து முட்டியிலிருந்த தழும்பைத் தடவினாள்.

"நல்ல பலன் மேடம். அதுக்கப்புறம் யாரும் யாருக்காகவும் விழல."