பழைய சோளத்தூள்

"அண்ணை, என்னைத் திருப்பி அனுப்பப்போறாங்கள்!"

அகதி முகாம் அறையின் கதவைத் தட்டவும் மறந்து தயாநிதி உள்ளே ஓடிவந்தான். கட்டிலில் இருந்து சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்த ஸ்ரீஸ்கந்தராஜா நிமிர்ந்து பார்த்தார். இப்போது இந்த வெளிநாட்டில், ஓல்டன் நகர முதியோர் இல்லத்தில் சமையல்காரர். ஊரில் பொலிஸ் இன்ஸ்பெக்டராக இருந்தவர்.

"இரு. மூச்சு விட்டிட்டுக் கதை."

தயாநிதி துப்பரவு வேலை செய்வது ஒரு துப்பாக்கிச் சுடும் சங்கத்தில். அங்கே சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெற்றுப் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி, வால்நட் ஓட்டுத் தூளோடு பீப்பாவில் போட்டுச் சுழற்றி மினுக்கி, மறுபடி வெடிமருந்து நிரப்புவார்கள். சனிக்கிழமை ஒரு சாக்குக் கோது காணாமல் போனது. இன்று காலை அதில் ஒரு பிடி தயாநிதி துடைப்பம் வைக்கும் தும்புத்தடி அலுமாரிக்குள் கிடந்தது. மாலையில் பொலிசுக்கு அறிவிப்பேன் என்று சங்கத் தலைவர் சொல்லிவிட்டார்.

"வெறுங் கோதுக்கோ இவ்வளவு?" என்றான் ஸ்ரீஸ்கந்தராஜாவின் அறைத்தோழன் மரியதாஸ்.

"ஊரிலை சண்டை நடக்குது. அகதி விண்ணப்பம் போட்ட தமிழனிட்டைத் தோட்டாக் கோது எண்டால் என்ன நினைப்பினம்?" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

மூவரும் சங்கத்துக்குப் போனார்கள். தலைவரின் கை தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தது. அலுமாரியில் அகப்பட்ட கோதுகளில் ஒன்றை ஸ்ரீஸ்கந்தராஜா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடித்துளைக்குள் ஒரு மஞ்சள் துணுக்கு சிக்கியிருந்தது.

"வால்நட் தூள் கபில நிறமெல்லோ?" என்று மரியதாஸ் துள்ளினான்.

"பொறு." அவர் தலைவரிடம் ஜெர்மனில் கேட்டார். "இங்கே மினுக்குவதற்குச் சோளப்பொத்தித் தூள் பாவிப்பதுண்டா?"

"இல்லவே இல்லை. துளையை அடைக்கும் என்று நான்தான் மறுத்தேன். களஞ்சியப் பொறுப்பாளர் ரூடிக்கு அதில் இன்னும் கோபம்."

வாசலில் நின்ற ரூடி முகத்தைச் சுளித்தார். ஸ்ரீஸ்கந்தராஜா கோதை மேசையில் வைத்துவிட்டு அலட்சியமாகச் சொன்னார். "நீங்கள் மறுத்தது சரிதான். பாருங்கள், சோளத்தூளால் இவ்வளவு மங்கல் மினுக்கம்தான் வரும்."

"மங்கலா? புதுத்தூள் என்றால் கண்ணாடி மாதிரி இருக்கும்! அது பழைய தூள்!" என்று சீறினார் ரூடி.

"தூள் பழையதென்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

"அகதி முகாமில் இருக்கும் பொடியனிடம் பீப்பாவுமில்லை, சோளத்தூளுமில்லை. சாக்கு உங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறது" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

ரூடி கதிரையில் விழுந்தார். சோளத்தூளே திறம் என்று காட்டத்தான் எடுத்துப் போனாராம். அதற்குள் களவு என்று ஊரே கூடவும் பயந்து, ஒரு பிடியை அலுமாரிக்குள் போட்டாராம். "அவன் வெளிநாட்டுக்காரன்... பழி அவனோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்."

தலைவர் தொலைபேசியைத் தள்ளி வைத்தார். தயாநிதி மேசைக்குப் பக்கத்தில் போனான். கோதை எடுத்து ரூடியின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இந்த மினுக்கத்துக்கோ என்ரை உயிரைப் பணயம் வைச்சனீர்?"

ரூடிக்கு விளங்கவில்லை. அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டார். ஸ்ரீஸ்கந்தராஜா அதை ஜெர்மனில் சொன்னார். அதுவரை நிதானம் தவறாத அவருடைய குரல், அந்த ஒரு வரியைச் சொல்லும்போது உடைந்துவிட்டது.