முப்பத்தைந்து குத்து

நகுரு நகரத்தில் ஏப்ரல் மழை பிடித்தால் லேசில் விடாது. அப்படியொரு மழைநாள் காலையில்தான் ஏ பிளாக்கின் எலும்புகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்கு வந்தேன். எலும்பு என்றால், இடிந்த தூண்களில் துளை போட்டு எடுத்த கான்கிரீட் உருளைகள். ஐந்து மாடிக் கட்டடம். ஒன்பது நாளைக்கு முன் விழுந்து இருபத்து மூன்று பேரை விழுங்கியிருந்தது. ஏன் விழுந்தது என்று கண்டுபிடித்து எழுத வேண்டிய எஞ்சினியர் பராசா நான்தான். கட்டும்போது 'கான்கிரீட் நல்லது' என்று கையெழுத்துப் போட்ட எஞ்சினியரும் நான்தான். திருடனையே காவலுக்கு வைப்பது எங்கள் இலாகாவுக்குப் பழக்கம்.

நசுக்கும் மெஷினை இயக்குபவள் நியாபோகே. நாலாவது உருளையை வைத்தாள். எவ்வளவு பாரம் தாங்கும் என்று காட்டும் முள் ஏறியது. பட்டென்று உடைந்தது.

“ஒன்பதுதான் வருது எஞ்சினியர். இருபத்தஞ்சு வரணும்.”

“இன்னொண்ணு வை.”

“நாலு உருளை ஒடைச்சாச்சு. மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதுக்குத்தான் நாம இருக்கோமே.”

என் பழைய தாளில் இருபத்தெட்டு என்று இருந்தது. அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று இருவருக்கும் தெரியும். தூணில் கொட்டும் கான்கிரீட்டிலிருந்தே கொஞ்சம் எடுத்து, இரும்பு அச்சில் கனசதுரக் கட்டியாக க்யூப் பிடித்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் போட்டு, நசுக்கிப் பார்க்க வேண்டும். எங்கள் ஆட்கள் க்யூபுக்கென்று சிமெண்டைத் தாராளமாகப் போட்டுத் தனியாகக் குழைப்பார்கள். ‘விருந்தாளிக் கலவை’ என்று பெயர். விருந்தாளிக்கு நெய்ச்சோறு, வீட்டுக்குக் கஞ்சி. தூணுக்குப் போனது கஞ்சி.

விருந்தாளிக் கலவையில் கைதேர்ந்தவர் முட்டிஸ்யா என்கிற கொத்தனார். அச்சில் மூன்று அடுக்கு, அடுக்குக்கு முப்பத்தைந்து குத்து. கம்பியால் குத்தும்போது வாய்விட்டு எண்ணுவார், ஒன்றுகூடக் குறைக்க மாட்டார். நான் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டே பாராட்டியிருக்கிறேன். கட்டடம் முடிந்ததும் அங்கேயே வாட்ச்மேன் ஆனார். இருபத்து மூன்று பேரில் அவரும் ஒருவர்.

எதிரில் பி பிளாக் நின்றுகொண்டிருக்கிறது. அதே வரைபடம், அதே கஞ்சி, அதே கையெழுத்து. உள்ளே நாற்பது குடும்பம். உண்மையை எழுதினால் அவர்கள் உடனே வெளியேற வேண்டும், நான் கம்பி எண்ண வேண்டும். மேலதிகாரி போனில் தாழ்ந்த குரலில் சொன்னார்: “மழையில மண்ணு இளகிடுச்சுன்னு எழுதிடுங்க பராசா. மழை மேல எவன் கேஸ் போடப் போறான்?”

சரி என்றேன். வெட்கக்கேடு, சரி என்றேன்.

அப்போதுதான் க்யூப்களைத் தண்ணீரில் ஊறப்போடும் தொட்டி அறையிலிருந்து சத்தம் வந்தது. ஜன்னல் இல்லாத அறை அது. சுண்ணாம்பும் ஈரச் சாக்கும் கலந்த நாற்றம் எப்போதும் அடிக்கும்.

டொக். டொக். டொக்.

நியாபோகே என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் மனசுக்குள் எண்ணினோம்.

முப்பத்தைந்தில் நின்றது.

மறுபடி முப்பத்தைந்து. மறுபடி முப்பத்தைந்து.

“பூட்டித்தானே இருக்கு?” என்றேன்.

“சாவி என் இடுப்புல இருக்கு.”

திறந்தோம். யாரும் இல்லை. தொட்டியின் விளிம்பில் ஒரு க்யூப், நாங்கள் வைக்காதது. மேலே ஆணியால் கீறியிருந்தது: ‘பி. வியாழன்.’

நசுக்கிப் பார்த்தோம். ஒன்பது.

முட்டிஸ்யா முதல்முறையாகத் தூணின் கலவையிலேயே க்யூப் பிடித்திருந்தார்.

மறுநாளும் ஒன்று. அதற்கு மறுநாளும் ஒன்று. எல்லாவற்றிலும் வியாழன்.

வியாழன் காலை சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு பி பிளாக்குக்குப் போனேன். இடிக்க வேண்டிய கட்டடத்துக்கு இலாகா போடும் பெருக்கல் குறியைச் சுவரில் பெரிதாகப் போட்டேன். மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பெண் துணி உதறிக்கொண்டே சிரித்தாள்.

“இந்த ஊர்ல குறி போடாத செவுரு எது பெரியவரே? எங்க கோயிலுக்கே ரெண்டு குறி போட்டிருக்கீங்க!”

“விழப்போவுதும்மா. எறங்கி வாங்க.”

“ஹவுஸ் ஓனர் டெஸ்ட் பேப்பரை மாட்டி வெச்சிருக்கார். இருபத்தெட்டுன்னு போட்டிருக்கு. கவர்மெண்ட் எஞ்சினியர் கையெழுத்து இருக்கு.”

“அந்தக் கையெழுத்து என்னோடதுதான்!” என்று கத்தினேன். “பொய்க் கையெழுத்து! க்யூப் வேற, உங்க தூணு வேற. எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் போட்டேன்!”

சிரிப்பு நின்றது. அவள் துணியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். கதவு கதவாகத் தட்டும் சத்தம் கேட்டது. குழந்தைகளும் அடுப்புகளும் மெத்தைகளும் தெருவுக்கு வந்தன. ஒருவர் என் முகத்தில் காறித் துப்பினார். துடைக்கவில்லை. பதினொன்றரைக்குத் தரைத்தளத் தூண் ஒன்று விம்மியது. பிறகு புழுதி.

ஒருவர்கூடச் சாகவில்லை.

அதுதான் வினையாகப் போயிற்று. யாரும் சாகாத விபத்துக்கு விசாரணை எதற்கு என்றார்கள். நான் எழுதிக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை மேலதிகாரி மடித்து மேஜைக்குள் போட்டார். “இப்ப உங்களை உள்ள தள்ளினா எங்க எல்லாரையும் தோண்டுவாங்க. போய் வேலையைப் பாருங்க.” ஏ பிளாக் பற்றி அச்சான அறிக்கையில் காரணம் மழை என்று இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. இருபத்து மூன்று பேர் செத்துச் சொல்லிக்கொடுத்த பாடத்தை நாங்கள் படிக்கவே இல்லை. நாசமாய்ப் போக, நானும் சேர்த்துத்தான்.

அறிக்கை வந்த மறுநாள் நியாபோகே வாசலிலேயே நின்றிருந்தாள், உள்ளே போகாமல்.

“கேளுங்க,” என்றாள் மெல்ல.

டொக். டொக். ஆனால் தாளம் தப்பியிருந்தது. ஒன்று முடியும் முன் இன்னொன்று.

“ஒரு கை இல்ல எஞ்சினியர். நெறைய கை.”

இருபத்து மூன்று ஜோடி இருக்கும் என்று தோன்றியது.

தொட்டி அறைக் கதவைத் திறந்ததும் சத்தம் நின்றது. தொட்டி நிரம்பி, தரையெங்கும் சுவரோரம் வரை க்யூப்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டடத்தின் பெயர். எல்லாம் இந்த இருபது வருஷத்தில் நான் கையெழுத்துப் போட்டவை. கீறிய எழுத்து மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு வேறு.

காலடியில் கிடந்த ஒன்றைக் குனிந்து பார்த்தேன். கோணல்மாணலான, எழுதப் பழகும் குழந்தையின் எழுத்து. பெத்தானி ஆரம்பப் பள்ளி என்று இருந்தது. பக்கத்தில் ஒரு தேதி தொடங்கி, முதல் எண்ணோடு நின்றிருந்தது.

தொட்டேன். சிமெண்ட் இன்னும் ஈரமாக இருந்தது.