கசப்பு மரத்துப் புழுக்கள்

புழு வளர்ப்பு அறையில் சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. காட்டு அந்துப்பூச்சியின் புழுக்கள் கூட்டமாக இலை கடிக்கும்போது தூறல் விழுவதுபோல ஓயாமல் ஓர் ஓசை இருக்கும். அன்று மாலை அது அகல இலை போட்ட பெட்டிகளிலிருந்து மட்டும்தான் வந்தது, கசப்பு மரத்துத் தழை போட்ட பெட்டிகளோ அழுகல் நெடியோடு மூச்சுக் காட்டாமல் கிடந்தன.

அவள் ஒரு மூடியைத் திறந்தாள். புழுக்கள் உயிரோடுதான் இருந்தன. ஆனால் இலையைத் தொடவில்லை. தங்களையே உள்ளிருந்து தின்று, உடம்பைத் துளைத்து வெளியேறிய குளவிக் குஞ்சுகளின் வெள்ளைக் கூடுகள்மேல் வளைந்து காவல் நின்றன. இடுக்கியை நீட்டியதும் தலையை வீசி வீசி அடித்தன. இதுவும் ஒரு பிழைப்பா என்று முணுமுணுத்தாள்.

கசப்பிலையைக் கடித்தால் கிளம்பும் வாசம்தான், கடித்த உடம்பில் முட்டையிடக் குளவியைக் கூப்பிடுகிறது. தழை வெட்டி வரும் தம்பியிடம் இதைச் சொல்லிச் சொல்லி அவள் வாய் வலித்ததுதான் மிச்சம். தழை இளசா என்று பார்க்க நுனியைக் கிள்ளி மென்றுகொண்டே இருப்பான். இப்போது காய்ச்சல் என்று சில நாளாகப் படுத்துக் கிடக்கிறான். வைத்த சாப்பாட்டைத் தொடுவதில்லை.

தொடுவதில்லை.

இடுக்கியைக் கீழே போட்டாள். முற்றத்தைத் தாண்டித் தம்பியின் அறைக்கு ஓடினாள்.

"டேய், கதவைத் தொற. வண்டி எடுக்கறேன், ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"தொறந்துதான்க்கா இருக்கு."

உள்ளே அதே நெடி. அரை இருட்டு. தம்பி கட்டிலில் கையும் முழங்காலும் ஊன்றி வளைந்திருந்தான். சட்டை முன்பக்கம் கிழிந்து ஈரமாக இருந்தது. அவன் வயிற்றுக்கு அடியில் வெள்ளையாக, கூடுகள்போல எவையோ நீளவாக்கில் கிடந்தன.

"கூட்டிட்டுப் போயிடுக்கா. என்னால நகர முடியல."

கையை நீட்டினாள். அவன் தலை பக்கவாட்டில் வீசி அவள் முகத்தில் இடித்தது. அவள் வாயெல்லாம் ரத்தம்.

"நான் அடிக்கலக்கா! சத்தியமா நான் இல்ல!"

மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். மறுபடி இடி. மறுபடி. தரையில் விழுந்தாள். விடமாட்டேன். இவனை விட்டுப் போகமாட்டேன். எழப் பார்த்தாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"விட்டுடாதக்கா," என்று விம்மினான்.

அடியில் ஒன்று அசைந்தது. வெள்ளை கிழிந்தது. மெல்லிய கறுப்புக் கால் ஒன்று வெளியே வந்து காற்றைத் துழாவியது.

தம்பி விம்மிக்கொண்டே குனிந்தான். பல்லால் போர்வையை இழுத்து, குளிர் படாமல், அதன்மேல் பதமாகப் போர்த்தினான்.