பின்படி ஜன்னல்

"வயசானவங்களுக்கான தர்ம விடுதியில ஒரு அறை காலியா இருக்குங்க. ஜெயிலுக்குப் போனவளுக்குத் தர மாட்டாங்களாம்," என்றாள் ஹெஸ்டர் பிளாக்சம், துப்பறிவாளர் ஹாலமிடம்.

வயது அறுபத்தெட்டு. பதினாறு வருடங்களுக்கு முன், ஆஷ்கோம் மாளிகையில் வெள்ளிப் பெட்டி திருடியதாக மூன்று மாதம் சிறையில் இருந்தவள். ஒரே சாட்சி எசமானர் சர் லயனல். வேலைக்காரர்கள் ஏறி இறங்கும் பின்படியில் நின்று, அங்கிருந்த ஜன்னல் வழியாக, அவள் பெட்டியோடு முற்றத்தைக் கடந்ததைப் பார்த்தேன் என்றார்.

பழைய கட்டடங்களை அளந்தே பல வழக்குகளைத் தீர்த்தவர் ஹாலம். மறுநாள் ஹெஸ்டரோடும் சர் லயனலோடும் அந்த முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். மேலே மூன்று ஜன்னல்கள். இரண்டில் மேகம் தெரிந்தது. நடு ஜன்னல் மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"அழுக்கா இருக்கும் சார்," என்றாள் உதவியாளர் மார்கரி.

"இருக்கலாம். மேல போய்ப் பாப்போம்."

குறுகலான பின்படியில் ஹெஸ்டர் ஓரிடத்தில் தானாகவே தலையைக் குனிந்தாள். பின்னால் வந்த சர் லயனலின் நெற்றி உத்தரத்தில் மோதியது. அந்த நடு ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையடித்த சுவர். அதன் குறுக்கே பச்சை படிந்த செம்புக் கம்பி.

"திருட்டுக்கு அப்புறமா அடைச்சிருக்காங்க சார்!"

"அவசரப்படாதே மார்கரி. ஹெஸ்டரம்மா, இது என்ன கம்பி?"

"எங்களைக் கூப்பிடற மணிக் கம்பிங்க. கரண்டு மணி வந்ததும் விட்டுட்டாங்க. நான் வேலைக்குச் சேர்றதுக்கு முந்தியே."

ஹாலம் திரும்பினார். "ஜன்னலுக்குக் குறுக்கே யாரும் கம்பி இழுக்க மாட்டாங்க, சர் லயனல். அந்தக் காலத்துல வீட்டு ஜன்னல்களை எண்ணி வரி போட்டப்போ, வரி மிச்சம் பிடிக்க அடைச்சது இது. அழகு கெடாம இருக்க, வெளிய கண்ணாடி மாதிரி வர்ணம் பூசியிருக்காங்க. நீங்க வெளியிலேருந்து மட்டும் பாத்த ஜன்னல் அதுதான். இந்தப் படியில ஏறியிருந்தா இது தெரிஞ்சிருக்கும், உத்தரமும் தெரிஞ்சிருக்கும்."

"அன்னைக்கே கோர்ட்டுல சொன்னேங்க, அங்க ஜன்னலே இல்லன்னு," என்றாள் ஹெஸ்டர். "நீதிபதி ஐயா இவர் கூட வேட்டைக்குப் போறவர். 'வண்டியில வரும்போது நானே பாத்திருக்கேனே'ன்னுட்டாரு."

சர் லயனல் நெற்றியைத் தடவினார். "பெட்டியை எடுத்தது என் மகன். அப்ப அவனுக்குப் பத்தொன்பது வயசு. வாழ வேண்டியவன்."

"அப்ப எனக்கு ஐம்பத்திரண்டு," என்றாள் ஹெஸ்டர்.

"விடுதிக்கு இப்பவே எழுதித் தரேன்."

"எழுதுங்க. அதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் இங்கயே நில்லுங்க."

அவள் மெல்ல இறங்கிப் போனாள். சற்று நேரத்தில் முற்றத்திலிருந்து குரல் வந்தது.

"ஐயா! இப்ப என் கையில என்ன இருக்கு?"

சர் லயனல் சுவரைப் பார்த்தபடி நின்றார்.